ஃபவ்வாஸ் கூரையில் டவர்

என் தம்பி ஃபவ்வாஸ் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவனைத் திட்டத்தான் போகிறேன்.

போன வருஷம் நானும் அவனும் இருக்கும் வீட்டுக் கூரையில், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நடுவில், செல்போன் கம்பெனிக்காரர்கள் ஒரு டவரை நட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னால் அஜ்லூன் மலையின் இந்தச் சரிவில் யாராவது போன் பேச வேண்டுமென்றால் கீழே சாலை வளைவுக்கு இறங்கிப் போக வேண்டும். இல்லையென்றால் பாறை மேல் ஏறி நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யாருக்கு மூலம் என்பதெல்லாம் எங்களுக்கு அப்படித்தான் தெரியவரும். டவர் வந்த முதல் வாரம் எல்லோரும் குனாஃபா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து தம்பியை வாழ்த்தினார்கள். வாங்கி வந்ததை அவர்களே உட்கார்ந்து தின்றுவிட்டும் போனார்கள். இரண்டாவது வாரம் தலைவலி ஆரம்பித்தது.

முதல் தலைவலி எதிர்வீட்டு ஸமீஹாவுக்கு. அவள் கணவர் உஸ்தாத் ஹிக்மத், பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள், அதனால் அவர் சொன்னால் இன்னும் பயம். கம்பெனிக்காரர்கள் முதலில் அவர் கூரையைத்தான் ஏறிப் பார்த்தார்கள். பிறகு எங்கள் வீடு கொஞ்சம் மேட்டில் இருக்கிறது என்று இங்கே வந்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டேதான் கைகொடுத்தார்.

ஸமீஹாவுக்குப் பின் வரிசையாக எல்லோருக்கும் ஏதோ ஒன்று வந்தது. ஒருவருக்குத் தூக்கமில்லை. ஒருவருக்குத் தூங்கினால் எழ முடியவில்லை. கோழி முட்டையிடவில்லை. ஒருத்தி மகன் பள்ளி இறுதித் தேர்வில் மூன்றாவது முறையும் ஃபெயில்; முதல் இரண்டு முறை டவரே கிடையாது, அதை யார் கேட்கிறார்கள். அந்த வருஷம் ஆலிவ் காய்க்கவில்லை. ஆலிவ் ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் சும்மா நிற்கும் என்பது எங்கள் ஊரில் பேச வராத குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் பழி டவர் தலையில் விழுந்தது.

உஸ்தாத் ஹிக்மத் வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். பெயர் 'சரிவின் ஆரோக்கியம்'. நான்கு போனைச் சுற்றி வைத்து நடுவில் முட்டை வேகவைக்கிற வீடியோ, இலை உதிர்ந்த மரத்தின் வீடியோ, வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ ஒருவர் அழுதுகொண்டே பேசுகிற வீடியோ என்று காலையிலிருந்து இரவுவரை வந்துகொண்டே இருக்கும். வீடியோ எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். அவ்வளவு நல்ல டவர்.

சுகாதார நிலையத்து டாக்டர் லுப்னா சின்னப் பெண், பாவம். ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து நிதானமாகச் சொன்னாள். டவரால் கெடுதல் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. போன் அலையை 'ஒருவேளை கெடுதலாக இருக்கலாம்' என்கிற ஒரு பட்டியலில் வைத்திருக்கிறார்கள், ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. அதே பட்டியலில் ஒரு வகை ஊறுகாய்கூட இருக்கிறது. டவர் தூரத்தில் இருந்தால்தான் கையிலிருக்கும் போன் அதிகமாக மல்லுக்கட்டி, காதோரம் அதிக அலையை விடும். இவ்வளவும் சொன்னாள். உஸ்தாத் காதில் 'ஒருவேளை' மட்டும் விழுந்தது. பெண்கள் காதில் ஊறுகாய் மட்டும் விழுந்தது. மறுநாள் சரிவு முழுக்க டர்னிப் ஊறுகாய் ஜாடிகள் வாசலுக்கு வந்துவிட்டன. நான் என் ஜாடியை உள்ளேயே வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரிகள் கொட்டப் பார்த்ததில் இரண்டு ஜாடியையும் வாங்கி வந்துவிட்டேன்.

இதுவரை எனக்குச் சிரிப்புத்தான். அடுத்து வந்ததில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஒருநாள் குழுவில் உஸ்தாத் எழுதினார்: டவருக்குக் கீழே வளர்கிற பெண்களுக்குப் பிள்ளை தங்காதாம், ஆராய்ச்சி சொல்கிறதாம். பெயர் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. டவருக்குக் கீழே இருந்த ஒரே பெண் எங்கள் அரீஜ்தான்.

அரீஜ் என் தம்பி மகள். அவள் அம்மா இறந்துபோன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறாள். அவளை ஜெராஷில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் குதைபாவுக்குப் பேசியிருந்தோம். பேசியிருந்தோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் இருவரும் எங்களுக்கு முன்பே பேசிவிட்டார்கள், அவள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமலே மூன்று முறை கண்ணாடி மாற்றினாள். உஸ்தாத் எழுதியது ஒரு மணி நேரத்துக்குள் ஜெராஷ் போய், குதைபாவின் அம்மா கையிலிருந்த போனில் ஏறிவிட்டது. அந்த அம்மாள் கல்யாணமே வேண்டாம் என்றாள். பையன் சாப்பிடாமல் உட்கார்ந்தான். கடைசியில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்தாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜாஹா வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

ஜாஹா என்றால் ஒரு வீட்டில் ஒன்றைக் கேட்பதற்காகப் பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு வருவது. பெண் கேட்கவும் வருவார்கள், வெட்டுக்குத்தில் சமாதானம் பேசவும் வருவார்கள். முறை ஒன்றுதான். கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரியவர் முன்னால் காபிக் கோப்பையை வைப்போம். அவர் தொட மாட்டார். வந்த காரியம் முடிந்தால்தான் குடிப்பேன் என்று உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரன் 'கொடுத்தாச்சு, குடிங்க' என்றால் குடிப்பார். குடித்த பிறகு கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. வாங்கினவன் ஊரில் தலைகாட்ட முடியாது.

தம்பிக்கு இந்த முறையே போதவில்லை. எங்கேயோ ஒரு பெரிய குலத்துத் தலைவர், வந்தவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே 'கேட்பதற்கு முன்பே கொடுத்தேன்' என்று சொல்லிவிட்டாராம், அதை இன்றைக்கும் பேசுகிறார்களாம். இவனும் அப்படிச் சொல்லப் போகிறானாம். வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தான். கையை எந்த உயரத்தில் தூக்குவது என்றுகூட என்னிடம் கேட்டான். நானும் ஒரு முட்டாள், கொஞ்சம் உயரமாகத் தூக்கு என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அஸர் தொழுகை முடிந்ததும் வண்டிகள் வரிசையாக மேலேறி வந்தன. மேலங்கி போட்ட ஆண்கள் இறங்கினார்கள். முன்னால் ஷேக் மித்கால். இந்தப் பக்கத்தில் எந்த ஜாஹாவுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவர் வந்தால் காரியம் முடியாமல் போகாது. குதைபா வீட்டார் இவ்வளவு பெரிய மனிதரைக் கூட்டி வந்துவிட்டார்களே என்று தம்பிக்கு நெஞ்சு விம்மிவிட்டது. வந்தவர்களை யார் எவர் என்று கேட்பது மரியாதையில்லை; மாப்பிள்ளைகூட வராமல் இருப்பது உண்டு. முன்னால் வந்த பெரியவர்களைக் கட்டிப்பிடித்து உட்கார வைத்தான், பின்னால் வந்தவர்களைச் சரியாகப் பார்க்கவேயில்லை.

நான் அடுக்களைக் கதவின் இடுக்கில் நின்றேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்பதில் எனக்குப் பழக்கம் அதிகம். கூடத்தில் எல்லோர் முன்னாலும் காபி வைத்தாயிற்று; மீதிக் கோப்பைத் தட்டு என் கையில் இருக்கிறது. கடைசி வரிசையைப் பார்த்தேன். அங்கே ஒரு பழுப்பு மேலங்கி, ஓரத்தில் அடுப்பு சுட்ட ஓட்டை. போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் சுட்டுக்கொண்ட ஓட்டை அது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் உஸ்தாத் ஹிக்மத், முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு.

இது அரீஜுக்கு வந்த ஜாஹா இல்லை, டவரை இறக்கச் சொல்லி வந்த ஜாஹா. உள்ளே ஷேக் ஆரம்பித்துவிட்டார்: இறைவனைப் புகழ்ந்தார், எங்கள் தாத்தாவைப் புகழ்ந்தார், அண்டை வீட்டாரின் உரிமை பற்றிப் பேசினார். அவர் காரியத்துக்கு வர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் தம்பியின் கை மெல்ல உயரத் தொடங்கியது. ஆண்கள் கூடத்துக்குள் நான் போக முடியாது. என்ன செய்வது என்று தெரியாமல் தட்டைத் தரையில் போட்டேன். கோப்பைகள் நொறுங்கின.

ஷேக் பேச்சை நிறுத்தினார். பிறகு, "நல்ல சகுனம். உடைஞ்சதோட கெட்டது போச்சு" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தம்பிக்கு அது வானத்திலிருந்து வந்த உத்தரவு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து நின்றான். கையைத் தூக்கினான். நான் சொன்ன உயரத்துக்கே தூக்கினான்.

"ஷேக், நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே கொடுத்துட்டேன். காபியக் குடிங்க."

குடித்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் குடித்தார்கள். ஷேக் போதும் என்று கோப்பையை ஆட்டி வைத்துவிட்டு, எங்கள் வழக்கப்படி வாழ்த்தி, "இறைவன் உன் முகத்த வெளுப்பாக்கட்டும். அப்ப டவரு வியாழக்கிழமைக்குள்ள இறங்கிடும்ல?" என்றார்.

தம்பியின் முகம் உண்மையிலேயே வெளுத்துவிட்டது. ஆனால் அவன் என் தம்பி, எங்கள் அப்பாவுக்குப் பிறந்தவன். தப்பாக நினைத்துச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொடுத்த வார்த்தை வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்காது என்று சொல்லிவிட்டு நேராக மாடிக்குப் போனான். டவரின் பேட்டரியைத் திருடர்கள் கொண்டுபோய் மாதக்கணக்காகிறது, எங்கள் வீட்டு மின்சாரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச் பெட்டிச் சாவியைத் தேடியெடுக்க நேரமாயிற்று, கடைசியில் சுவிட்சை இறக்கிவிட்டான். கீழே கைதட்டினார்கள்.

உண்மையான ஜாஹா அந்த நேரத்தில் வளைவில் நின்றுகொண்டிருந்தது. இவர்கள் வண்டிகள் பாதையை அடைத்திருந்ததால் மேலே வர முடியவில்லை. காபி குடித்த கையோடு உஸ்தாதின் ஆள் ஒருவன் இறங்கிப் போகும்போது, என்ன கூட்டம் என்று ஜெராஷ்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவனும் சந்தோஷமாக, ஜாஹா வந்தது, ஃபவ்வாஸ் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டான், காபியும் குடித்தாயிற்று என்றிருக்கிறான். டவர் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. வெள்ளிக்கிழமை, பெண் இருக்கிற வீடு, குடித்து முடித்த காபி. குதைபாவின் அப்பா வேறு என்ன நினைப்பார்? பெண்ணை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வண்டியைத் திருப்பிவிட்டார். இதையும் அதே ஆள்தான் திரும்பி வந்து எங்களிடம் பெருமையாகச் சொன்னான்.

அரீஜ் போனைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். சுவிட்ச் இறங்குவதற்குச் சற்று முன் குதைபாவிடமிருந்து வந்து சேர்ந்த செய்தி: 'வாழ்த்துகள். யாரென்றாவது சொல்லியிருக்கலாம்.' கீழே அவள் அடித்த பதில், போகாமல் நின்றுகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. கூடத்துக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள்: "டவரையும் கொடுத்துட்டீங்க, என்னையும் கொடுத்துட்டீங்க. என்னை யாருக்குக் கொடுத்தீங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கப்பா."

தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுபடி சுவிட்சைப் போடச் சொன்னால், வார்த்தை போய்விடும் என்கிறான். வண்டியெடுத்துக்கொண்டு ஜெராஷ் போகலாம் என்றால், பெண்ணைப் பெற்றவன் ஓடிப்போய்க் கெஞ்சினான் என்று பேசுவார்கள் என்கிறான். நான் வளைவுக்கு இறங்கிப் போய், சூடாகிக் கையைச் சுடுகிற போனில் ஒரு கோடு டவரை வைத்துக் குதைபாவைக் கூப்பிட்டேன். அவன் போனை அணைத்து வைத்திருந்தான். அப்படியே திரும்பி, வீட்டுக்குப் போகாமல், உஸ்தாத் ஹிக்மத் வீட்டு வாசலுக்குப் போனேன்.

மனிதர் கூரையில், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் போன், வானத்தைப் பார்த்து. அவர் மகள் குவைத்தில் நிறைமாதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவாள். என்னைப் பார்த்ததும் தொட்டியைத் தட்டிப் பார்ப்பது போல் பாவனை செய்துவிட்டு இறங்கி வந்தார்.

பெண் பிள்ளை ஜாஹா போவதுண்டா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு நான் போனேன். நடுக் கூடத்தில் உட்கார்ந்தேன். ஸமீஹா தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு காபி கொண்டுவந்து வைத்தாள். நான் கோப்பையைத் தொடவில்லை. உஸ்தாத் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த செத்த போனைப் பார்த்தார். டவரைத் திரும்பப் போடத்தான் கேட்க வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவர் வாயால் அதைக் கேட்க முடியாது. நான் கேட்டு அவர் பெருந்தன்மையாகக் கொடுத்தால் மகளும் பேசலாம், மானமும் போகாது. முகமே மலர்ந்துவிட்டது.

"நீ ஒண்ணும் கேக்க வேணாம் நௌஃபா. நம்ம ரெண்டு வீடும் வேற வேறயா? கேக்குறதுக்கு முன்னாடியே கொடுத்துட்டேன். குடி" என்றார்.

நான் குடித்தேன். அடிமண்டி தெரியும்வரை நிதானமாகக் குடித்தேன். கோப்பையை வைத்தேன்.

"டவரு அணைஞ்சே கிடக்கட்டும் உஸ்தாத். நான் அதுக்கு வரல. மேலங்கிய எடுத்துப் போட்டுக்கிட்டு வண்டியில ஏறுங்க. ஜெராஷுக்குப் போய், இன்னைக்கு வந்தது எதுக்குன்னு நீங்க சொல்லணும். எங்க பொண்ணப் பத்தி நீங்க எழுதினது பொய்யுன்னும் உங்க வாயாலேயே சொல்லணும்."

அவர் ஸமீஹாவைப் பார்த்தார். அவள் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, "குடிச்சாச்சுங்க" என்றாள்.

வண்டியை ஓட்டியது நான். உஸ்தாத் பக்கத்தில், ஸமீஹா பின்னால். பாதி வழியில் அவள், டவர் நின்ற பிறகும் தலை அதே மாதிரிதான் வலிக்கிறது என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மலையிறங்கி டவர் கிடைத்த இடத்தில் அவர் போன் வரிசையாகச் சத்தம் போட்டது. எல்லாம், டவர் நின்றதற்கு ஊரார் வளைவுக்கு இறங்கிப் போய்க் குழுவில் போட்ட வாழ்த்துகள்.

குதைபா வீட்டில் ஆண்கள் யாரும் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை, சாவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பெண்கள் பக்கம் அனுப்பினார்கள். குதைபாவின் அம்மா என்னிடம் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் கதவோரம் போய் நின்றேன். அவளும் வந்து என் தோளோடு தோளாக நின்றாள். கதவு விஷயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

குதைபாவே காபி ஊற்றி உஸ்தாத் முன்னால் வைத்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உஸ்தாத் கோப்பையைத் தொடாமல், நடந்ததைச் சொன்னார். மெல்லத்தான் சொன்னார், ஆனால் எதையும் விடவில்லை. தாம் திரட்டிய ஜாஹா, ஷேக் மித்கால், தம்பி கையைத் தூக்கியது, சுவிட்சை இறக்கியது எல்லாம் சொன்னார். அந்தப் பெண் எந்தக் குறையும் இல்லாதவள், ஆராய்ச்சி என்று எழுதியது தன் கையிலிருந்து வந்ததுதான், எந்த ஆராய்ச்சியையும் தான் படிக்கவில்லை என்றார். சொல்லும்போது ஒரு வயதான மனிதரின் குரல் நடுங்குவதைக் கேட்க எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம்தான்.

குதைபாவின் அப்பா கேட்டார்: "அந்த டவரால யாருக்காவது, ஏதாவது, நீங்களே உங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல."

"பின்ன எதுக்குய்யா இறக்கச் சொன்னீங்க?"

ஒரு வீடியோ பேரும் உஸ்தாத் வாயில் வரவில்லை.

"அது ஃபவ்வாஸ் கூரையில இருந்துச்சு. என் கூரையில இல்ல" என்றார்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் வீட்டில் ஒரு கூரை இருந்தது, எதிரே ஒரு கூரையும் இருந்தது. என் பக்கத்தில் நின்ற அம்மாள் தலைத்துணி ஓரத்தால் வாயை மூடிக்கொண்டு, அந்தச் செய்தியைத் தான் இன்னும் பதினாறு பேருக்கு அனுப்பிவைத்ததாக என் காதில் சொன்னாள்.

குதைபாவின் அப்பா எழுந்து, ஆறிப்போன காபியைத் தன் கையாலேயே எடுத்துக் கொட்டிவிட்டு, பையனிடம் வேறு ஊற்றச் சொன்னார்.

"குடிங்க உஸ்தாத். நாளைக்கு அஸருக்கு வர்றோம். வழியில வண்டி நிறுத்தாம பாத்துக்குங்க."